சிவப்பு மட்டும் எஞ்சினால்



காஞ்சிபுரம் பக்கம் சென்றவர்கள் புள்ளலூர் வயல்வெளியில் இரு கல்தூண்களைக் கண்டிருக்கக்கூடும். 1781-இல் அங்கு நிகழ்ந்த போரில் மாண்ட ஆங்கிலப் படை அதிகாரிகளின் நினைவுச் சின்னங்கள் அவை. அதற்கு முந்திய ஆண்டு, 1780 செப்டம்பர் 10 அன்று, ஐதர் அலியும் திப்புவும் கர்னல் பெய்லியின் படையை முறியடித்ததும் அவ்வூரிலேயே. அவ்வெற்றியைத் திப்பு சீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் மாளிகைச் சுவரில் தீட்டச் செய்தார். யானைகளும் குதிரைகளும் நிறைந்த அவ்வோவியத்தில், சதுர வியூகமாய் நெருங்கி நிற்கும் செஞ்சட்டைகளே நம் கண்ணை முதலில் இழுக்கின்றன. சிக்கிக்கொண்டவர் யாரென நிறமே சொல்லிவிடுகிறது.

புகைப்படத்திலும் இவ்வித்தை உண்டு. எல்லா நிறங்களையும் வடித்துவிட்டு ஒன்றை மட்டும் நிறுத்துவது ஒரு வகை. 1993-இல் வெளிவந்த 'ஷிண்ட்லர்ஸ் லிஸ்ட்' என்னும் கறுப்பு வெள்ளைத் திரைப்படத்தில் ஒரு சிறுமியின் மேலங்கி மட்டும் சிவந்து தெரியும். கண்டவர் அதை மறப்பதில்லை. நம்மூர் ஸ்டூடியோக்காரர்களுக்கு இது புதிதன்று. இறந்த தாயின் கறுப்பு வெள்ளைப் படத்தில், தூரிகையால் நெற்றிப் பொட்டுக்கு மட்டும் சிவப்பிட்டுத் தந்தவர்கள் அவர்கள். அந்த ஒரு துளியால் முகத்திற்கே உயிர் வந்துவிடும்.

இன்று கணினியில் செய்யும் மற்றொரு வகை நுட்பமானது. அச்சகத்தாரின் சயான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு ஆகிய நான்கு மைகளை, படத்திலுள்ள ஒவ்வொரு நிறக் கூட்டத்திலும் தனித்தனியே கூட்டியும் குறைத்தும் பார்க்கலாம். பயிரின் பசுமையை மாற்ற விரும்புவோர் பச்சையைத் தேடிப் போய் ஏமாறுவதுண்டு. இலையின் நிறம் பெரும்பாலும் மஞ்சள் கூட்டத்திலேயே இருக்கிறது! அதில் சயானைக் குறைத்து மெஜந்தாவைச் சற்றுக் கூட்டினால், நேற்று நட்ட வயல் அறுவடைக்கு நிற்பதுபோல் பழுத்துவிடும். சயானைக் கூட்டினாலோ மழை பெய்து ஓய்ந்த குளிர்ச்சி வரும்.

மனிதரின் தோல் நிறமும் சிவப்பு, மஞ்சள் ஆகிய அவ்விரு கூட்டங்களிலேயே அடங்கியுள்ளது. திருமணப் படங்களில் விபரீதம் இங்கேதான் தொடங்குகிறது. அவ்விரண்டிலும் கறுப்பைக் குறைத்தால் மாநிறப் பெண் வெளுத்துவிடுவாள். மணமகளின் தாய் ஒருவர் ஆல்பத்தை நம்மிடம் விரித்து, "சாமி, இது எம்பொண்ணுதானுங்களா?" என்று கேட்டார். சிரிக்க நமக்கு மனம் வரவில்லை. மகளின் முகம் மட்டுமன்று, தாலிக் கயிற்றின் மஞ்சளும் கூறைப் புடவையின் சிவப்பும் சோகையேறிக் கிடந்தன. தகப்பனைக் கொண்டு பிறந்த அந்த நிறத்தில் திருத்துவதற்கு என்ன இருந்தது?

வயலின் நிறத்தை மாற்றும்போது முகத்தை மறைத்து விலக்கிவிடவும் அதே கணினியில் வழியுண்டு. ஆகவே ஆல்பம் அச்சுக்குப் போகுமுன் வீட்டார் ஒருமுறை நேரில் சென்று பார்ப்பது நலம். போகும்போது பெண்ணையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.