இடத்துக்கு முன் எடை

பிக்கப் வண்டியின் பின்தொட்டியில் ஒரு குட்டி வீட்டையே ஏற்றிக்கொண்டு மலை, பாலைவனம் என்று கிளம்புவது அமெரிக்காவில் வெகுகாலப் பழக்கம். அந்த வீட்டுக்கு டிரக் கேம்பர் என்று பெயர். ஓட்டுநர் அறைக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஒரு படுக்கை, இரண்டு பர்னர் அடுப்பு, ஒரு சிங்க், உட்கார ஒரு பெஞ்ச், நடுவில் ஒருவர் நிற்கும் அளவுக்குத் தரை. இவ்வளவுதான். புதிதாக வாங்கியவரும் வாடகைக்கு எடுத்தவரும் முதலில் கேட்பது, இதற்குள் சாமான்களை எப்படி அடுக்குவது என்பதைத்தான். கேட்ட கையோடு கடைக்குப் போய் பிளாஸ்டிக் பெட்டி, கொக்கி, தொங்கும் பை என்று வாங்கிக் குவிக்கிறார்கள். அதற்கு முன் ஒன்றைத் தெரிந்துகொள்வது நல்லது. இந்த வண்டிகளில் பெரும்பாலும் இடம் தீர்வதற்கு முன்பே எடை தீர்ந்துவிடும்.

ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்து, கதவு வந்து மூடும் தூணைப் பாருங்கள். டயருக்கு எவ்வளவு காற்று என்று சொல்லும் மஞ்சள், வெள்ளை ஸ்டிக்கர் ஒன்று இருக்கும். ஆட்களும் சரக்கும் சேர்ந்து இத்தனை கிலோவைத் தாண்டக் கூடாது என்று அதில் அச்சிட்டிருப்பார்கள். விளம்பரத்தில் வரும் பெரிய எண்ணை விட்டுவிடுங்கள். உங்கள் வண்டிக்கு உரியது இந்த எண்தான். ஒரு சாதாரண பிக்கப்பில் அது 680 கிலோ என்று வைத்துக்கொள்வோம். கூரையைத் தூக்கி இறக்கும் லேசான கேம்பரே 450 கிலோ இருக்கும். மிச்சம் 230. கணவனும் மனைவியும் சேர்ந்து 150. மிச்சம் 80. 75 லிட்டர் தண்ணீர்த் தொட்டியை நிரப்பினால் 75 கிலோ போய்விடும். மிஞ்சுவது வெறும் 5 கிலோ. அரிசி, பருப்பு, துணிமணி, பாத்திரம், கேஸ் சிலிண்டர் எதுவும் இன்னும் ஏறவில்லை! போதாக்குறைக்கு, விற்பவர் சொல்லும் அந்த 450 பெரும்பாலும் வெற்று எடை. பிறகு பொருத்திய கூடுதல் பாட்டரியோ கூரைமேல் வெய்யில் மறைப்போ அதில் சேர்ந்திருக்காது. இந்தக் கணக்கை வாங்குபவருக்கு விற்பவரே எழுதிக் காட்ட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. பிரேக் பிடிக்கும் தூரமும் டயரின் ஆயுளும் இதில்தான் இருக்கின்றன.

ஆகவே சாமான் அடுக்குவது என்பது, எதை விட்டுவிட்டுப் போகலாம் என்று முடிவு செய்வதில் தொடங்குகிறது. தண்ணீரில் முதலில் கை வையுங்கள். முகாமில் குழாய் இருக்குமானால் பாதித் தொட்டியோடு புறப்பட்டாலே போதும். அளவுக்கு மீறி ஏற்றுவது யாருக்கும் நேரும். 1960இல் எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் இப்படி ஒரு கேம்பரில் நாயோடு அமெரிக்காவைச் சுற்றினார். அந்த வண்டி இன்றும் கலிபோர்னியாவின் சாலினாஸ் நகரில் காட்சிக்கு நிற்கிறது. தேவைக்கு மேல் ஏற்றிக்கொண்டு போனதை அவரே பின்னால் எழுதியிருக்கிறார். அவருடைய ஒரு யோசனை மட்டும் எனக்கு மிகவும் பிடிக்கும். மூடி போட்ட பிளாஸ்டிக் வாளியில் துணி, தண்ணீர், சோப்புத்தூள் போட்டு, துணி அலமாரியில் ரப்பர் கயிற்றில் தொங்கவிட்டார். வண்டி குலுங்கக் குலுங்கத் துணி தானே வெளுத்தது.

அடுத்தது, எடை எங்கே உட்காருகிறது என்பது. சைக்கிளின் பின்கேரியரில் மூட்டையைக் கட்டினால் முன்சக்கரம் தூக்குவது நமக்குத் தெரியும். பிக்கப்பிலும் அதே கதைதான். பின் அச்சுக்குப் பின்னால் பாரம் கூடினால் முன்சக்கரத்தின் பிடி குறையும், ஸ்டியரிங் லேசாகிவிடும். பின்பம்பரில் ஜெனரேட்டர் பெட்டி மாட்டுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். டின் உணவு, ஸ்பானர், தண்ணீர் கேன் எல்லாம் தரையோடு தரையாக, பின் அச்சுக்கு முன்னால் வர வேண்டும். தலைக்கு மேல் உள்ள அலமாரிகளுக்கு ரொட்டி, துண்டு, காகிதத் தட்டு போதும். அங்கே கனமானதை வைத்தால் வளைவில் வண்டி சாயும். திடீரென்று பிரேக் போட்டால் அலமாரிக் கதவு திறந்து சாமான் கீழே கொட்டும்.

கடையில் நிற்கும் கேம்பரைப் பார்த்து வாங்குபவர்கள் பெரும்பாலும் கவனிக்காத விஷயம் ஒன்று உண்டு. கூரை இறங்கும் வகையில், பயணத்துக்காகக் கூரையை இறக்கியிருக்கும்போது உள்ளே நிமிர்ந்து நிற்க முடியாது. சில அலமாரிகளைத் திறக்கவே முடியாது. வழியில் மழை பிடித்துக்கொண்டால் மழைக்கோட்டு எங்கே? குழந்தை முழங்காலைச் சிராய்த்துக்கொண்டால் மருந்துப் பெட்டி எங்கே? கூரை மூடிய நிலையில், கதவருகே நின்றபடி கை நீட்டி எடுக்க முடிகிற இடம்தான் வண்டியிலேயே விலை உயர்ந்த இடம். மதியச் சாப்பாடு, டார்ச், மருந்து, தீயணைப்பான் இவற்றை மட்டும் அங்கே வையுங்கள். பெஞ்சுக்கு அடியில் உள்ள பெரிய குழிக்குள், வாரத்தில் ஒருமுறை தேவைப்படுவதே போகட்டும். அதைத் திறக்க உட்கார்ந்திருப்பவரை எழுப்பி, மெத்தையைத் தூக்க வேண்டியிருக்கும்.

சமையல் சாமானுக்கு வருவோம். அஞ்சறைப் பெட்டி வீட்டுக்குத்தான் சரி. மண்சாலைக் குலுக்கலில் கடுகும் மஞ்சளும் ஒன்றாகிவிடும். திருகுமூடி போட்ட சிறு டப்பாக்களே நல்லது. தோசை மாவு கொண்டுபோவதானால் பாத்திரத்தில் பாதிக்கு மேல் வேண்டாம். பகல் வெயிலில் நின்ற வண்டிக்குள் அது பொங்கி வழிந்தால் இழுப்பறையின் மூலைமுடுக்கெல்லாம் புகுந்து நாட்கணக்கில் புளித்து நாறும். கொலராடோ மலைக் கணவாய்கள் 11,000 அடிக்கு மேல் ஏறுகின்றன. அங்கே வெளிக்காற்றின் அழுத்தம் குறைவதால் சிப்ஸ் பொட்டலம் உப்பும், தயிர் டப்பாவைத் திறந்தால் முகத்தில் தெறிக்கும். இழுப்பறையை இறுக்கி நிரப்பாதீர்கள்.

துணியையும் சுவரோடு அழுத்தி அடுக்க வேண்டாம். ஒரு கிலோ புரோப்பேன் எரிந்தால் ஒன்றரை கிலோவுக்கு மேல் நீராவி வரும். அதோடு இருவர் இரவெல்லாம் விடும் மூச்சு. குளிர்ந்த சுவரில் அது வியர்த்து இறங்கும். மெத்தையின் அடிப்பக்கமும் நனையும். சுவருக்கும் துணிக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டால் பூஞ்சை பிடிக்காது. சிலிண்டர் இருக்கும் அறையை மிச்ச இடமென்று நினைத்து எதையும் திணிக்காதீர்கள். புரோப்பேன் காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையோடு படியும். அது வெளியேறத்தான் அந்த அறையின் அடியில் துளை விட்டிருக்கிறார்கள்.

யோசெமிட்டி போன்ற தேசியப் பூங்காக்களில் கரடியையும் கணக்கில் சேர்க்க வேண்டும். கூரையைத் தூக்கினால் துணிச்சுவர் விரியும் கேம்பரில் இரவில் உணவை வைத்திருக்கக் கூடாது. முகாமில் இருக்கும் இரும்புப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். பற்பசையும் சோப்பும் வாசனைப் பொருள் என்பதால் அவையும் உணவுக் கணக்கில்தான் வரும். மளிகையைப் பத்து இடங்களில் பிரித்து வைத்தவர் இருட்டில் தேடித் திண்டாடுவார். மணக்கும் அத்தனையையும் கைப்பிடி வைத்த இரண்டு கூடைகளில் வைத்திருப்பவருக்கு இரண்டு நடை போதும்.

எல்லாம் ஏற்றி முடித்தபின், நெடுஞ்சாலையோர லாரி நிலையத்தில் உள்ள எடைமேடைக்குப் போங்கள். ஆட்கள், தண்ணீர், பெட்ரோல் சகிதம் நிறுத்தினால் முன் அச்சுக்கு இவ்வளவு, பின் அச்சுக்கு இவ்வளவு என்று தனித்தனியாகச் சீட்டு தருவார்கள். ஒவ்வோர் அச்சும் எவ்வளவு தாங்கும் என்பது அதே கதவுத் தூணில் இன்னொரு சீட்டில் இருக்கிறது. இரண்டையும் ஒப்பிட்டுப் பாருங்கள். பின் அச்சு மிஞ்சியிருந்தால் அங்கேயே குழாயைத் திறந்து தண்ணீரைக் குறையுங்கள். அப்படியும் இறங்காவிட்டால் டின்களையும் கருவிப் பெட்டியையும் பின் இருக்கையின் காலடிக்கு மாற்றிவிட்டு, இன்னொரு முறை மேடை ஏறுங்கள்.