அரிப்பில் எதனைக் காப்பது?

அரிப்பு என்றவுடன் நம்மவருட் பலர்க்கு நினைவில் எழுவது, கடலோரத்திலே சரிந்துகொண்டிருக்கும் ஒரு செங்கற் கட்டடமே. ஆங்கிலத் தேசாதிபதி பிரடெரிக் நோர்த் என்பார் முத்துக்குளிப்பை மேற்பார்வை செய்தற்பொருட்டு 1801ஆம் ஆண்டளவிலே கட்டத் தொடங்கிய டொரிக் மாளிகை அது. ஊர்மக்களோ அதனை அல்லிராணி கோட்டை என்பர். தேசாதிபதியின் வீட்டைப் பறித்து அல்லிக்கு அளித்த அம்மக்களின் துணிவை யாம் மெச்சுகின்றோம்! கடல் அதன் அடிநிலத்தை அரித்துவருகின்றது. மாளிகையைக் காத்தல் வேண்டும் என எழுதுவோர் பலர். எமது கருத்துச் சிறிது வேறு.

அம்மாளிகை எழுந்த காரணம் யாது? மன்னார்க் கடலின் முத்துப்பார்களே. பங்குனியை ஒட்டிய அமைதிக் காலத்திலே கீழக்கரையாரும் அராபியரும் பிறரும் இக்கரையிற் குழுமுவர். இருவர்க்கு ஒரு கல். ஒருவன் மூழ்க மற்றவன் இளைப்பாறுவான். சுறாவின் வாயைக் கட்டுதற்குக் கடல்கட்டி எனும் மந்திரவாதியும் அரசாங்கச் சம்பளம் பெற்றான் என்பது நகைப்பன்று, வரலாறு. எடுத்த சிப்பியில் மூன்றில் இரு கூறு அரசுக்கு. ஒரு கூறு குளித்தோர்க்கு. திறவாத சிப்பியே ஆயிரக்கணக்கில் ஏலம் போகும். உள்ளே முத்து உண்டோ இல்லையோ, வாங்கினோன் விதி. பின்னர்ச் சிப்பியை அழுகவிட்டுக் கழுவுவர். அந்நாற்றத்தைப் பற்றி எழுதாத வெள்ளையர் அரியர். கிடைத்த முத்தை 20 துளை முதல் 1000 துளை வரையுள்ள பத்துப் பித்தளைத் தட்டுகளிலே சலித்து, ஆணி, வடிவு, தூள் என வகுத்து, மஞ்சாடியால் நிறுப்பர்.

1905இல் வருமானம் பெருவெள்ளமாய் வந்தது. மறு ஆண்டே பார்கள் ஓர் ஆங்கிலக் கம்பனிக்கு 20 ஆண்டுக் குத்தகைக்கு விடப்பட்டன. சிப்பி பொய்த்தது, கம்பனியும் முறிந்தது. 1925இல் நிகழ்ந்ததே இறுதிப் பெருங்குளிப்பு. அவ்வளவு பொருளும் அரிப்பிலே தங்கியதோ? சிப்பி ஓடு தங்கியது.

கட்டடம் வீழினும் அதன் படங்களும் அளவுகளும் ஏடுகளில் உள. 1679இல், கண்டியிற் பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேற் சிறைப்பட்டிருந்து தப்பிய றொபேட் நொக்ஸ் அடைக்கலம் புகுந்த ஒல்லாந்தர் கோட்டையும் நூல்களில் நிலைபெற்றதே. ஆனால் காற்றுக்கும் நீரோட்டத்துக்கும் கடலின் அடிநிலத்துக்கும் இக்கரையார் வழங்கும் சொற்களை எந்நூல் முழுதும் தொகுத்தது? 1990இலும் 2007இலும் இப்பகுதி மக்கள் ஊர்விட்டு ஊர் சிதறினர். மீண்டோர் சிலர், மீளாதோர் சிலர். முதியோர் ஒருவர் மறையுந்தோறும் சில நூறு சொற்கள் அவருடன் போகின்றன. கல்லுக்குக் கடல் பகை. சொல்லுக்கு நமது சோம்பலே பகை.

திருக்கேதீச்சரம் வரை யாத்திரை போகும் நம் பழைய மாணவர், இன்னுஞ் சிறிது தெற்கே போதல் அரிதன்று. மாளிகைச் சுவருக்கு இடும் பணத்தைக் கடல் வாங்கிக்கொள்ளும். அதனிற் சிறுபகுதியைக் கொண்டு, இயன்றால் இவ்விழா நிதியிலிருந்தே, தமிழ் கற்ற மாணவர் இருவரை ஒலிப்பதிவுக் கருவியுடன் ஆறு திங்கள் அங்கே இருத்துக. கத்தோலிக்கர் வீட்டிலும் முஸ்லிம்கள் வீட்டிலும் அவர்கள் அமர்ந்து கேட்கட்டும். தொடங்குதற்குப் பங்குனியே ஏற்றது. கடல் அடங்கியிருக்கும், கரையாரும் நின்று பேசுவர்.