நான்கு மணி நேர விதி

2010ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் இரு பெருநகரங்கள், பக்கவாதம் கண்டோருக்கான அவசர சிகிச்சையை ஏறத்தாழ ஒரே சமயத்தில் திருத்தியமைத்தன. லண்டனில் முப்பது மருத்துவமனைகளில் சிதறிக் கிடந்த பொறுப்பு எட்டுத் தீவிரப் பக்கவாதப் பிரிவுகளிடம் ஒப்படைக்கப்பட்டது. மான்செஸ்டர் வட்டாரத்தில் சால்ஃபோர்டு, பரி, ஸ்டாக்போர்ட் ஆகிய மூன்று இடங்களில் அத்தகைய பிரிவுகள் தோன்றின. நோக்கமும் மருந்தும் ஒன்றாக இருந்தும் பலன் வேறுபட்டது. அதன் காரணத்தை நம் துறையினர் ஊன்றிக் கவனிக்க வேண்டும் என்பதே நமது அபிப்பிராயம்.

லண்டனில், பக்கவாதம் என்று ஆம்புலன்ஸ் ஊழியர் சந்தேகித்த எவரையும், நோய் கண்டு எத்தனை நேரமாயிற்று என்று பாராமல், முப்பது நிமிஷப் பயணத்துக்குள் இருக்கும் தீவிரப் பிரிவுக்கே கொண்டு சென்றார்கள். முதல் 72 மணி நேரம் வரை அங்கே கவனித்து, மேல்சிகிச்சை வேண்டியவரை வீட்டுக்கு அருகிலுள்ள மருத்துவமனைக்கு அனுப்பினார்கள். மான்செஸ்டரிலோ, நோய் கண்டு நான்கு மணி நேரத்துக்குள் வந்தவர்களுக்கு மட்டுமே அந்தக் கதவு திறந்தது. ஏனையோர் பழையபடி வட்டார மருத்துவமனைகளுக்கே சென்றார்கள். ஆகவே, லண்டனில் நூற்றுக்குத் தொண்ணூற்று மூன்று பேர் தீவிரப் பிரிவில் சிகிச்சை பெற, மான்செஸ்டரில் முப்பத்தொன்பது பேரே பெற்றனர். 2014இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வெளிவந்த ஆய்வின் மதிப்பீட்டின்படி, லண்டனில் 21 மாதங்களில் 168 மரணங்கள் தவிர்க்கப்பட்டன. மான்செஸ்டரிலோ, மருத்துவமனையில் தங்கும் நாட்கள் குறைந்தனவேயன்றி, இறப்பு விகிதம் நாட்டின் பிற பகுதிகளைவிட அதிகமாகக் குறையவில்லை.

அனைவரையும் ஏற்கும் திட்டமே மான்செஸ்டரிலும் முதலில் வகுக்கப்பட்டது. நோயாளிகளையும் வருமானத்தையும் இழந்துவிடுவோமோ என்று அஞ்சிய சில மருத்துவமனைகளின் ஆட்சேபத்தால் அது சுருங்கிற்று. அந்த அச்சத்தை அற்பமென்று நாம் ஒதுக்கவில்லை. ஆனால் அதற்கு இணங்கிப் பிறந்த சமரசம், இரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்தையே பக்கவாத சிகிச்சையின் சர்வமுமாகக் கருதிவிட்டது. 1995இல் மூன்று மணி நேரமென்றும் 2008இல் நான்கரை மணி நேரமென்றும் ஆய்வுகளால் நிலைநாட்டப்பட்ட அவகாசம், அம்மருந்துக்கு உரியதேயன்றி நோயாளிக்கு உரியதன்று. மூளையில் இரத்தம் கசிந்தவர், விடியலில் விழித்தபோதே கை துவண்டிருக்கக் கண்டவர், பேச்சிழந்து தனியே கிடந்தவர் ஆகியோரெல்லாம் அம்மருந்துக்குப் பெரும்பாலும் உரியவரல்லர் என்பது உண்மைதான். ஆயினும் விழுங்கும் திறனைச் சோதிக்காமல் ஒரு வாய் நீர் கொடுத்தால் நிமோனியா வரக்கூடியவர்களும், காய்ச்சலையும் சர்க்கரையையும் இரத்த அழுத்தத்தையும் இமைகொட்டாமல் கவனிக்கத் தேர்ந்த செவிலியர் தேவைப்படுபவர்களும் இவர்களே. மேலும், வாய் பேச இயலாதவரின் வாசலில் நின்று, நோய் எப்போது தொடங்கிற்றென்று கணித்து, அதைக்கொண்டு அவர் செல்லும் இடத்தைத் தீர்மானிக்கும் பாரத்தை அந்த விதி ஆம்புலன்ஸ் ஊழியரின் தலையில் சுமத்தியது. இது நியாயமன்று.

2015இல் மான்செஸ்டர் அந்த வரம்பை நீக்கிற்று. தீவிரப் பிரிவை அடைந்தோர் நூற்றுக்கு எண்பத்தாறாக உயர்ந்தனர். அங்கு சிகிச்சை பெற்றவர்களிடையே இறப்பு குறைந்ததை 2019இல் வெளிவந்த ஆய்வு காட்டியது.

அதே 2015இல்தான், இரத்தக்கட்டியைக் குழாய் வழியே அகற்றும் சிகிச்சையின் பயனை ஐந்து பரிசோதனைகள் உறுதிப்படுத்தின. அச்சிகிச்சைக்கு உரியவர் இன்னும் சிலரே; எனினும் அந்தச் சிலருக்காகவே ஆம்புலன்ஸ் பாதைகளையெல்லாம் அதைச் செய்யும் பெருமையங்களை நோக்கித் திருப்பிவிடும் ஆசை இப்போது பல திட்டங்களில் தலைகாட்டுகிறது. காட்டலோனியாவில், அத்தகைய மையம் அருகில் இல்லாத பகுதிகளிலிருந்து, பெரிய இரத்தக்குழாய் அடைபட்டிருக்கலாமென்று சந்தேகிக்கப்பட்டவர்களை நேரே பெருமையத்துக்கு அனுப்புவதையும், முதலில் அருகிலுள்ள பக்கவாத மையத்துக்கு அனுப்புவதையும் ஒப்பிட்ட பரிசோதனையின் முடிவு 2022இல் வெளியாயிற்று. தொண்ணூறாம் நாளில் இரு சாராரின் நிலையிலும் குறிப்பிடத்தக்க பேதம் இல்லை. அங்குள்ள சிறிய மையங்கள், ஸ்கேன் எடுத்து மருந்து செலுத்தி, தேவைப்பட்டவரைத் தாமதமின்றி மேலே அனுப்பப் பழகியவை. புதிய திட்டங்களை வகுப்போர், சிறிய மையங்களிலிருந்து ஆட்களைப் பெயர்த்தெடுக்கும் முன், அந்தப் பழக்கம் தம் வட்டாரத்தில் எவ்வளவு தூரம் வேரூன்றியிருக்கிறது என்பதை நிமிஷக் கணக்கில் அளந்து பார்க்க வேண்டுகிறோம்.