தலையாட்டி இப்ப நம்மட சட்டைப் பைக்குள்ள

"என்னட்ட ஒளிக்கிறதுக்கு ஒண்டும் இல்ல, மறுகா எனக்கென்ன பயம்?" தனியுரிமை, என்கிரிப்ஷன் எண்டு கதை எடுத்தா நம்மட ஊரில முதல்ல வாற பதில் இதுதான். இது கொழும்பில இருக்கிற ஐ.டி. ஆக்களின் பிரச்சினை எண்டு தள்ளி வைக்கிறவர்களும் உண்டு. நாங்கள் அப்படி நினைக்கவில்லை. எழுவான்கரையிலோ படுவான்கரையிலோ வளர்ந்த எவருக்கும் இது புதுக்கதை இல்லை.

வீட்டில பெரியாக்களிட்டக் கேட்டுப் பாருங்க. சுற்றிவளைப்பு நடக்கும். ஊர்ச் சனத்தை மைதானத்துக்குக் கொண்டுவந்து, முகத்தை மூடின ஒரு ஆளுக்கு முன்னால வரிசையில போக விடுவாங்க. அந்த ஆளுக்குப் பேர் தலையாட்டி. அவர் தலையை ஆட்டினா உங்கட கதை முடிஞ்சுது. ஏன் ஆட்டினார், யார் சொல்லி ஆட்டினார், ஒண்டும் கேட்க ஏலாது. 1990 செப்டம்பர் 5ஆம் திகதி, வந்தாறுமூலை கிழக்குப் பல்கலைக்கழக வளாகத்தில் தஞ்சமடைந்திருந்த 158 பேரை இராணுவம் கொண்டுபோனது. அவர்கள் திரும்பி வரவில்லை. ஒளிக்க ஒன்றும் இல்லாதபடியால்தான் அந்தச் சனம் எல்லாரும் பார்க்கிற இடத்தில் தஞ்சம் இருந்தது.

இண்டைக்கு அந்த வேலையைப் போன் செய்யும். யாரோட கதைச்சனீங்க, எந்த குறூப்பில இருக்கிறீங்க, எந்த நினைவேந்தலுக்குப் போனீங்க, எல்லாத்துக்கும் அது தலை ஆட்டும். உங்களுக்கு மட்டும் ஆட்டாது. 80 பேர் இருக்கிற மாதர் சங்க வட்ஸ்அப் குறூப்பில ஒராளின் போன் திறபட்டாப் போதும், 80 பேரும் வரிசையில நிக்கிறாங்க. ஆகவே "எனக்குப் பயமில்லை" என்பது தனி ஆள் எடுக்கிற முடிவு இல்லை.

இது வெறும் கற்பனையும் இல்லை. 2020 நவம்பரில் மட்டக்களப்பு ஊடகவியலாளர் ஒருவர் முகநூல் பதிவுகளுக்காகப் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதானார். 2024 ஒக்டோபரில் மாவனெல்லை இளைஞன் ஒருவன் இன்ஸ்டாகிராம் பதிவொன்றுக்காகக் கைதாகி, மாதக்கணக்கில் உள்ளே இருந்தான். தமிழரைப் பார்த்த அதே சந்தேகக் கண், 2019 ஈஸ்டர் தாக்குதலுக்குப் பிறகு காத்தான்குடிப் பக்கம் திரும்பியதையும் நாம் பார்த்தோம். 1979இல் 'தற்காலிகம்' எண்டு கொண்டுவந்த சட்டம் அது.

என்கிரிப்ஷன் எண்டால் பெரிய மந்திரம் இல்லை. அனுப்புறவரும் பெறுறவரும் மட்டும் வாசிக்கலாம். நடுவில நிக்கிற கம்பனியும் வாசிக்க ஏலாது. வட்ஸ்அப்பில் 2016இல் இருந்து இது இருக்கு. ஆனா போன் திறந்தபடி இன்னொருவர் கைக்குப் போனா இந்தப் பூட்டால பிரயோசனம் இல்லை. பக்கப் போய்ச் சேருற இடத்துக்குத் தனியாப் பூட்டுப் போடவேணும். அந்த வசதி 2021இல் வந்தது, நாங்களாப் போய் ஓன் பண்ணினாத்தான் வேலை செய்யும். பூட்டையே உடைக்கச் சொல்லுற அரசுகளும் உண்டு. பிரித்தானிய அரசின் இரகசிய உத்தரவுக்குப் பிறகு, 2025 பெப்ரவரியில் ஆப்பிள் அந்த நாட்டில் தன் கூடுதல் மறைகுறியாக்க வசதியையே நிறுத்தியது. பெரிய நாட்டில நடந்தது சின்ன நாட்டுக்கு முன்னுதாரணம் ஆகும்.

"அப்ப பொம்பிளப் பிள்ளைகளின் படத்தை வச்சு மிரட்டுறவனை எப்படிப் பிடிக்கிறது?" எண்டு கேட்பீங்க. நியாயமான கேள்வி. அவனை முறைப்பாட்டை வச்சு, நீதவானின் கட்டளையோட, அவன்ர போனில தேடிப் பிடிக்கலாம். அதுக்காக எல்லாற்ற பூட்டையும் உடைச்சா, முதல்ல பாதுகாப்பில்லாமல் போறது அந்தப் பிள்ளைகளின் படங்கள்தான்.

நிகழ்நிலைக் காப்புச் சட்டமும் பெண்களையும் சிறுவர்களையும் காட்டித்தான் வந்தது. அதை எதிர்த்து 2023இல் 40க்கும் மேற்பட்ட மனுக்கள் உயர் நீதிமன்றத்துக்குப் போயின. 2024 ஜனவரி 24ஆம் திகதி 108க்கு 62 எண்டு நிறைவேறியது. பிறகு எதிர்ப்பு ஓய்ந்துபோனது. ஏன்? எங்கட கணிப்பில, அந்தப் போராட்டம் நீதிமன்றத்திலும் கொழும்பு மண்டபங்களிலும்தான் நடந்தது. களுவாஞ்சிக்குடிக்கோ வாகரைக்கோ அது வந்து சேரவே இல்லை.

ஆனா இஞ்ச அடித்தளம் இல்லாமல் இல்லை. 1980களில் அன்னையர் முன்னணி இருந்தது. 2022 நெருக்கடிக் காலத்தில் நாளாந்தம் வீதியால நீதி கேட்டு நடந்த பெண்கள் இருக்கிறாங்க. அதே 2022 ஏப்ரலில் அரசு சமூக ஊடகங்களை முடக்கினபோது, வீ.பி.என். போடுற விதத்தை ஆளுக்காள் காட்டிக் கொடுத்தது நம்மட பெடியன் பெட்டைகள்தான். அந்த அறிவு ஒரே நாளில் பரவினது. முடக்கம் எடுபட்டதும் மறந்துபோனது. அதைத் திரும்ப எழுப்ப வேணும்.

எங்கட யோசனை சின்னது. மாதர் சங்கம், மீனவர் சங்கம், விளையாட்டுக் கழகம், பள்ளிவாசல், கோயில் சபை, எது கூடினாலும் வாற மாசக் கூட்டத்தில அரை மணித்தியாலம் ஒதுக்குங்க. எல்லாற்ற போனுக்கும் ஆறு இலக்கப் பூட்டு, தானா அழியும் செய்தி, பக்கப்புக்குப் பூட்டு. மறுகா ஒரு தகவல் உரிமை விண்ணப்பம்: போனைப் பரிசோதிக்கப் பொலிசுக்கு என்ன சுற்றறிக்கை இருக்கு? 14 வேலை நாட்களுக்குள் முடிவு சொல்ல வேணும். மறுத்தாலும் காரணம் சொல்ல வேணும். அந்த மறுப்பும் நமக்கு ஒரு ஆவணம்.

கேட்க வேண்டியதும் தெளிவு. இந்தியாவில் தனியுரிமை அடிப்படை உரிமை எண்டு 2017 ஓகஸ்ட் 24ஆம் திகதி ஒன்பது நீதியரசர்கள் ஒருமித்துச் சொன்னார்கள். நம்மட அரசியலமைப்பில் அப்படி ஒரு உரிமை எழுதப்படவே இல்லை. 2022இல் வந்த தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டத்தின் முக்கிய பகுதிகள் 2025 மார்ச்சில் அமுலுக்கு வரவேண்டியவை, தள்ளிப்போட்டார்கள். ஆனா கைரேகை, கண், முகம் மூன்றையும் பதியும் டிஜிட்டல் அடையாள அட்டைத் திட்டம் மட்டும் இந்திய நிதியோட முன்னுக்குப் போகுது. நுண்கடன் எடுத்த பெண்களின் அடையாள அட்டைப் பிரதியும் படமும் ஏற்கெனவே எத்தனை கம்பனியின் அலுமாரியில கிடக்கு? முதல்ல காப்பு, பிறகு பதிவு எண்டு நாம் கேட்க வேணும்.

தலையாட்டியின் முகமூடியைக் கழற்ற நம்மட பெற்றோருக்கு வழி இருக்கவில்லை. நமக்கு இருக்கு. ஒராள் மட்டும் பூட்டினாப் போதாது, ஊரே சேர்ந்து பூட்ட வேணும்.