வாயால் ஊதிப் பார்க்க வேண்டிய வால்வு

கார் வைத்திருப்பவர்களுக்குப் புகைச் சோதனை என்பது ஒரு சடங்காகிவிட்டது. பெட்ரோல் பங்க் ஓரமாகக் காரை நிறுத்தினால், சைலன்ஸர் குழாய்க்குள் ஒரு கம்பியைச் செருகுவார்கள். இயந்திரம் சில எண்களைக் காட்டும். சான்றிதழ் கைக்கு வந்துவிடும். 1989-ம் வருஷத்து மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி பெட்ரோல் காரில் முக்கியமாகப் பார்ப்பது, கார்பன் மோனாக்ஸைடும் எரியாத பெட்ரோல் ஆவியும் எவ்வளவு வெளிவருகின்றன என்பதைத்தான். அவற்றைக் குறைப்பதற்கென்றே என்ஜினில் பொருத்தியிருக்கும் வால்வுகள் உயிரோடு இருக்கின்றனவா என்று பானெட்டைத் திறந்து பார்ப்பவர் யார்? இந்தச் சோதனை அரைச் சோதனைதான் என்பது நமது அபிப்பிராயம்.

இந்த வால்வுகள் பிறந்த கதை அமெரிக்காவில், கலிபோர்னியா ராஜ்யத்தில் நடந்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்து ஜனங்களின் கண்களை எரித்துக்கொண்டிருந்த மூடுபனிக்கு மோட்டார் புகையும் சூரிய வெளிச்சமுமே காரணம் என்று, 1950-களின் தொடக்கத்தில் பேராசிரியர் ஹாகன்-ஸ்மிட் எடுத்துக் காட்டினார். அன்னாசிப் பழத்தின் வாசனையை ஆராய்ந்துகொண்டிருந்த மனிதர் அவர்! அங்கே 1966-ம் வருஷத்து மாடல் கார்கள் முதல், வெளியேறும் புகையைக் கட்டுப்படுத்தும் சாதனம் கட்டாயமாயிற்று.

அவற்றில் ஒன்று காற்றுப் பம்பு. என்ஜினில் அரைகுறையாக எரிந்த பெட்ரோல் வெளியேறும் இடத்திலேயே புதுக் காற்றைச் செலுத்தினால், மிச்சமும் அங்கேயே எரிந்துவிடும். இதற்குக் காவலாக இரண்டு வால்வுகள் உண்டு. ஒன்று, சூடான புகை பம்புப் பக்கம் திரும்பி வராமல் தடுக்கும் ஒருவழி வால்வு. மற்றொன்று, ஆக்ஸிலேட்டரிலிருந்து காலைச் சட்டென்று எடுக்கும்போது காற்றைச் சில விநாடிகள் வெளியே திருப்பிவிடும் வால்வு. அது திருப்பாவிட்டால் சைலன்ஸரில் வெடிச் சத்தம்தான்!

இவற்றைச் சோதிக்கப் பெரிய கருவி எதுவும் வேண்டியதில்லை. என்ஜின் நன்றாக ஆறியபின் ஒருவழி வால்வின் ரப்பர் குழாயைக் கழற்றி, வாய் வைத்து ஊதிப் பார்க்கலாம். காற்று உள்ளே போக வேண்டும், உறிஞ்சினால் வரக்கூடாது. ரப்பர் கருகியிருந்தால் ஊதவே வேண்டாம், வால்வு போய்விட்டது என்று அர்த்தம். திருப்பும் வால்வுக்கு, என்ஜினை ஓடவிட்டு அதன் வெளித் துவாரத்தருகே கையை வைத்துக்கொண்டு, முடுக்கி விட்டுவிட வேண்டும். ‘புஸ்’ஸென்று காற்று அடித்து நின்றால் சரி.

சரி, குழாயில் எண் குறைவாகக் காட்டினால் போதாதா என்று கேட்கலாம். போதாது. பம்பு தள்ளும் காற்று புகையோடு கலந்துதானே வெளியே வருகிறது? கார்பன் மோனாக்ஸைடு எண் ஒன்றை மட்டும் பார்த்தால், அந்த வாயு எரிந்து குறைந்ததா, தண்ணீர் விட்ட பால்போல நீர்த்துக் குறைந்ததா என்று எப்படிச் சொல்வது? 1984-ல் தொடங்கிய கலிபோர்னியாவின் சோதனையில் பானெட்டையும் திறந்து பார்க்கிறார்கள். பம்பைக் கழற்றிப் போட்டவருக்கு, எண் சுத்தமாக இருந்தாலும் சான்றிதழ் கிடையாது.

நம் ஊர்க் கார்கள் எல்லாவற்றிலும் இந்தப் பம்பு கிடையாதுதான். ஆனால் கார்புரேட்டர் வைத்த மோட்டார் சைக்கிள்கள் பலவற்றில் இதன் தம்பி இருக்கிறது: புகைக் குழாயின் துடிப்பிலேயே காற்றை உறிஞ்சும் சிறிய தகட்டு வால்வு. ‘படபட’வென்று வெடிக்கிறது என்று போனால், அதன் குழாயில் ஒரு போல்ட்டைச் செருகி அடைத்து அனுப்பிவிடும் பட்டறைகள் உண்டு. வண்டிக்காரருக்கும் சந்தோஷம். எரியாத புகை பின்னால் வருகிறவரின் மூக்குக்குத்தானே போகிறது!

சோதனைச் சாவடியில் கூட்டம், இதற்கெல்லாம் நேரம் ஏது என்பார்கள். ஊதிப் பார்க்க நேரமில்லையென்றால் போகட்டும். குழாய்கள் கழன்றிருக்கின்றனவா, அடைத்திருக்கிறார்களா என்று கண்ணால் பார்க்க இரண்டு நிமிஷம் போதும். அந்த இரண்டு நிமிஷத்தை விதியில் எழுதிவிட வேண்டும். ஊதிப் பார்ப்பதை வருஷாந்தர சர்வீஸின்போது மெக்கானிக்கிடம் நாமே கேட்டு வாங்கிக்கொள்ளலாம்.