ஃப்ளைவீல் இளைத்தால் வண்டி பறக்குமா?

டர்போ டீசல் கார் வைத்திருக்கும் இளைஞர்களிடையே ஒரு நம்பிக்கை உண்டு. ஃப்ளைவீலின் எடையைக் குறைத்தால் பிக்கப் எகிறும் என்பதே அது. இதற்காக லேசான ஃப்ளைவீலை வாங்கிப் போடுபவர்களும் உண்டு, இருப்பதையே லேத்தில் கொடுத்துச் சீவச் சொல்பவர்களும் உண்டு. பந்தயக் காருக்கு இது சரிதான். ஆனால் ராமநாதபுரம், ராமேஸ்வரம் பக்கம் ஓடுகிற வண்டிக்கு இது தேவையா? தேவையில்லை என்பதே இக்கட்டுரையின் வாதம்.

முதலில் ஃப்ளைவீலின் வேலை என்ன என்று பார்க்கலாம். மானாமதுரையில் பானை வனையும் சக்கரத்தை நினைத்துக் கொள்ளுங்கள். கனமான சக்கரத்தை ஒரு முறை வேகமாகச் சுற்றிவிட்டால், கை எடுத்த பிறகும் அது ஒரே சீராகச் சுற்றிக் கொண்டிருக்கும். எஞ்சினிலும் இதே கதைதான். பிஸ்டனைத் தள்ளும் வெடிப்பு விட்டு விட்டுத்தான் நடக்கிறது. இடைப்பட்ட நேரத்தில் சுழற்சியை இழுத்துச் செல்வது ஃப்ளைவீல். நாட்டுப்படகுகளில் உள்ள ஒற்றை சிலிண்டர் டீசல் எஞ்சினில் இரண்டு சுற்றுக்கு ஒரு வெடிப்புதான். அதனால்தான் அதற்கு அவ்வளவு பெரிய சக்கரம்!

இனி கணக்குக்கு வருவோம். 14 செ.மீ. ஆரமும் 8 கிலோ எடையும் உள்ள தட்டையான ஃப்ளைவீல் ஒன்றை 5 கிலோவாகக் குறைப்பதாக வைத்துக் கொள்வோம். முதல் கியரில் எஞ்சின் 14 முறை சுற்றினால் சக்கரம் ஒரு முறை சுற்றும், டயரின் ஆரம் 30 செ.மீ. என்று கொண்டால், வண்டியிலிருந்து சுமார் 64 கிலோ இறங்கியதற்குச் சமமான லாபம் கிடைக்கும். அதாவது ஒரு ஆள் இறங்கியது போல. டாப் கியரில் எஞ்சின் 3 முறை சுற்றினாலே சக்கரம் ஒரு முறை சுற்றிவிடும். அப்போது லாபம் வெறும் 3 கிலோ. ஒரு சின்ன அரிசிப் பை!

மதுரையிலிருந்து ராமேஸ்வரம் வரும் சாலையும், கிழக்குக் கடற்கரைச் சாலையும் பெரும்பாலும் சமதளம். வண்டி அதிக நேரம் மேல் கியர்களில்தான் ஓடுகிறது. அங்கே இந்த மாற்றத்தால் என்ன பயன்?

டர்போ வந்தால் விஷயம் இன்னும் சிக்கலாகிறது. டர்போ, புகையின் வேகத்தில் சுழலும் ஒரு விசிறி. அது நிமிடத்துக்கு லட்சம் சுற்றுக்கு மேல் போகக் கூடியது. எஞ்சினுக்கு லோடு ஏறி, போதிய புகை வந்தால்தான் அது வேகமெடுக்கும். லேசான ஃப்ளைவீல் போட்டால் முதல் கியரில் எஞ்சின் சுற்று சட்டென்று ஏறிவிடும். டர்போ தன் நேரத்தைத்தான் எடுத்துக் கொள்ளும். கியர் மாற்ற க்ளட்சை மிதித்தால் சுற்று சட்டென்று விழும். கை வேகமில்லாத டிரைவர் அடுத்த கியருக்குள் டர்போவின் பலம் வராத இடத்துக்கு இறங்கிவிடுவார்.

2007-ல் ஸ்விஃப்டில் வந்த 1.3 லிட்டர் டீசல் எஞ்சினை எடுத்துக் கொள்ளுங்கள். அதன் முழு இழுவிசையான 190 நியூட்டன் மீட்டர் கிடைப்பது 2,000 சுற்றில். அதற்குக் கீழே அது மந்தம் என்பது ஓட்டியவர்களுக்குத் தெரியும். 2020 ஏப்ரலோடு மாருதி டீசல் கார்களை நிறுத்திவிட்டாலும் இந்த எஞ்சின் பூட்டிய வண்டிகள் இன்றும் சாலையில் ஓடுகின்றன. குடும்பத்தையும் பெட்டிகளையும் ஏற்றிக் கொண்டு நின்ற இடத்திலிருந்து கிளம்பும்போது டர்போ உதவாது. கை கொடுப்பது ஃப்ளைவீலில் சேர்ந்திருக்கும் ஆற்றல். 1,000 சுற்றில் மேலே சொன்ன 8 கிலோ சக்கரத்தில் இருப்பது சுமார் 430 ஜூல். 5 கிலோ சக்கரத்தில் சுமார் 270 ஜூல். பாம்பன் சாலைப் பாலத்தில் கடலைப் பார்க்க வண்டிகள் நின்று, பின்னால் வருபவை ஊர்ந்து ஊர்ந்து ஏறும்போது, எஞ்சின் ஆஃப் ஆவது இந்த வித்தியாசத்தால்தான். அரிச்சல்முனைக்கு 2017-ல் சாலை வந்துவிட்டது உண்மைதான். ஆனால் ஓரம் ஒதுங்கி மணலில் இறங்கிய வண்டியை மெதுவாக எடுக்கவும் இதே கனம்தான் வேண்டும்.

"பந்தயத்தில் எல்லோரும் போடுகிறார்களே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. இருங்காட்டுக்கோட்டையிலோ, கோவை செட்டிப்பாளையத்திலோ ஓடும் காரில் எஞ்சின் எப்போதும் உயர் சுற்றில் இருக்கும். கியர் நொடிக்கு நொடி மாறும். அங்கே நின்று நின்று கிளம்பும் தொல்லை இல்லை. அதனால் லாபம் உண்டு. அங்கேயும் கூட எஞ்சினின் குதிரைத்திறன் கூடுவதில்லை. தன்னையே சுழற்றிக் கொள்ளச் செலவாகும் பங்குதான் குறைகிறது.

லேத்தில் சீவுவதோ வேறு வகை ஆபத்து. வார்ப்பு இரும்பை மெலிதாக்கி, பேலன்ஸ் பார்க்காமல் பூட்டினால் அதிர்வில் கியர்பாக்ஸ் தேயும். மோசமானால் சக்கரமே வேகத்தில் சிதறும். அது இருப்பது டிரைவரின் காலுக்குப் பக்கத்தில்!

வாடகைக் கார் ஓட்டுபவருக்கு வண்டி என்பது மாதத் தவணை. கியர்பாக்ஸை இறக்கி ஏற்றும் கூலி, சக்கரத்தின் விலை, வண்டி நிற்கும் நாட்களின் சவாரி எல்லாம் ஒரு பக்கம். டாப் கியரில் 3 கிலோ லாபம் மறுபக்கம். அதே பணத்தில் நல்ல க்ளட்ச், சுத்தமான ஏர் ஃபில்டர், டர்போவுக்கு உரிய நேரத்தில் ஆயில் மாற்றினாலே இழந்த பிக்கப் பெருமளவு திரும்பிவிடும். ஃப்ளைவீலின் கனம் சும்மா வைத்த பாரம் அல்ல, அது சேமிப்பு. சேமிப்பைக் கரைத்து வேகம் வாங்குவது பந்தயக்காரருக்குக் கட்டுபடியாகலாம். சவாரிக்காரருக்குக் கட்டாது.