தாமதம் யாருடையது?

சிறுவயதில் காப்பகங்களிலும் விடுதிகளிலும் பாலியல் வன்கொடுமைக்கு உள்ளானோர் பல ஆண்டுகள் கழித்துப் பேச முன்வரும்போது, 'இத்தனை காலம் ஏன் சொல்லவில்லை?' என்ற வினாவே முதலில் எழுகிறது. சொல்வதற்கான வழி என்றும் திறந்தே இருந்தது, பாதிக்கப்பட்டவர்தாம் அதில் செல்லவில்லை என்னும் முன்முடிவு இவ்வினாவுக்குள் ஒளிந்துள்ளது. தில்லி சாகேத் நீதிமன்றம் 2020 ஜனவரி 20 அன்று வழங்கிய தீர்ப்பு ஒன்று அம்முன்முடிவைத் தகர்க்கிறது.

பீகார் மாநிலம் முசாபர்பூரில் தொண்டு நிறுவனம் ஒன்று அரசு நிதியில் நடத்திய சிறுமியர் காப்பகத்தின் கொடுமைகள், டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்தின் ஆய்வுக் குழு 2018இல் அளித்த சமூகத் தணிக்கை அறிக்கையால் வெளிவந்தன. 2019 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் வழக்கைத் தில்லிக்கு மாற்றியது. காப்பகத்தை நடத்திய பிரஜேஷ் தாக்கூர் உட்பட 19 பேர் குற்றவாளிகள் எனத் தீர்ப்பாயிற்று.

அப்பத்தொன்பது பேரில் யார் யார் இருந்தனர் என்பதே இங்குக் கருதத்தக்கது. மாவட்டக் குழந்தைகள் நலக் குழுவின் தலைவராக இருந்தவர், அதன் உறுப்பினர் ஒருவர், மாவட்டக் குழந்தைப் பாதுகாப்பு அலுவலர் ஆகியோரும் அப்பட்டியலில் இருந்தனர். ஒரு சிறுமி எவரிடம் முறையிட வேண்டும் எனச் சட்டம் வகுத்ததோ, அவர்களே குற்றவாளிகளாயினர். உணவும் உறைவிடமும் அளிக்கும் கையே வதைக்கும்போது, திரும்பிச் செல்ல வீடற்ற குழந்தைக்கு மௌனம் ஒன்றே தற்காப்பு. தங்கள் மீது அதிகாரம் ஏதுமற்ற வெளியார் வந்து கேட்டபோது அச்சிறுமியர் பேசினர். இல்லாதிருந்தது துணிவன்று, கேட்கும் செவியே.

இது பீகாருக்கு மட்டும் உரிய நிலையன்று. நிறுவனங்களில் நிகழ்ந்த சிறார் பாலியல் கொடுமையை விசாரித்த ஆஸ்திரேலிய அரச ஆணையத்திடம் தனி அமர்வுகளில் பேசியோர், நிகழ்ந்ததை முதன்முதலில் ஒருவரிடம் சொல்லச் சராசரியாக 23.9 ஆண்டுகள் எடுத்துக்கொண்டதாக அதன் 2017ஆம் ஆண்டு இறுதி அறிக்கை பதிவுசெய்கிறது.

காலம் கடந்தால் சான்று அழியும், நினைவு மங்கும், குற்றஞ்சாட்டப்பட்டவரின் எதிர்வாதம் கடினமாகும் என்ற மறுப்பைப் புறந்தள்ள இயலாது. ஆயின் அதற்கான தீர்வு, வருகைப் பதிவேடு, மருத்துவக் குறிப்பு, இடமாற்ற ஆணை, ஆய்வு அறிக்கை ஆகியவற்றை நிறுவனங்கள் நெடுங்காலம் பாதுகாக்கக் கட்டாயப்படுத்துவதே, பாதிக்கப்பட்டவரை ஐயுறுவதன்று.

சிறார் பாலியல் குற்றம் குறித்து எவ்வயதிலும் புகார் அளிக்கலாம் என 2018இல் ஒன்றிய அரசு தெளிவுபடுத்தியது. குற்றத்தை அறிந்தும் தெரிவிக்காதிருப்பதைப் போக்சோ சட்டத்தின் 21ஆம் பிரிவு தண்டனைக்குரியதாக்குகிறது. நிறுவனப் பொறுப்பாளருக்குத் தண்டனை கூடுதல். முசாபர்பூர் வழக்கில், அறிந்தும் தெரிவிக்காத குற்றத்துக்காக அரசு அதிகாரி ஒருவரும் தண்டிக்கப்பட்டார். ஆக, விசாரணை தொடங்க வேண்டிய இடத்தைச் சட்டமே சுட்டுகிறது. 'ஏன் சொல்லவில்லை?' என்று பாதிக்கப்பட்டவரிடம் கேட்பதற்கு முன், 'யாருக்குத் தெரிந்திருந்தது, அவர் என்ன செய்தார்?' என்று நிறுவனத்திடம் கேட்கப்பட வேண்டும்.